பாராலீகலுக்குத் தமிழ் என்ன? அவர்களின் தொடர்கல்விக்கு?

அன்புள்ள குழுவினருக்கு,

போன வாரம் நான் கேட்ட கேள்விக்கு வந்த மடல்களை அச்செடுத்து வைத்துக்கொண்டு இரண்டு மாலைகள் படித்தேன். எல்லோருக்கும் நன்றி. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கேள்வியை மறுபடி சொல்கிறேன். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பாராலீகலாக (paralegal: சட்டத்தரணி, அதாவது வழக்கறிஞர், அல்லாமலே உரிமம் பெற்றுச் சில வகை வழக்குகளை நடத்துபவர்) தொழில் செய்யும் தமிழர் சிலர் சேர்ந்து நாலு பக்கத்தில் ஒரு கையேடு போடுகிறார்கள். தாங்கள் யார், என்ன வழக்குகளை நடத்தலாம், உரிமத்தைத் தக்கவைக்க ஒவ்வோர் ஆண்டும் என்ன படிக்க வேண்டும் என்பதைத் தமிழ்ச் சனத்துக்கு விளக்குவது நோக்கம். மொழிபெயர்ப்பு என் பொறுப்பு. தலைப்பில் இரண்டு சொற்கள் வேண்டும்: ஒன்று அந்தத் தொழில் செய்பவருக்கு, மற்றது அவருடைய கட்டாயத் தொடர்கல்விக்கு.

வந்த யோசனைகளை ஒவ்வொன்றாக எடுக்கிறேன்.

> சட்ட உதவியாளர் என்பதே போதும். எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் பிழையாகப் புரியும். ரொறன்ரோவில் "சட்ட உதவி" என்றால் வசதியில்லாதவர்களுக்கு அரசுப் பணத்தில் கிடைக்கும் உதவி. அந்தச் சொல் சனத்தின் வாயில் பழகிவிட்டது. என் பெரியம்மா ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்தார். வீட்டை விடச் சொல்லி நோட்டீஸ் வந்தபோது, தமிழ்க் கடையில் எடுத்த துண்டுப் பிரசுரத்தில் "சட்ட உதவியாளர்" என்று இருந்ததைப் பார்த்து அந்த இலக்கத்துக்கு அழைத்தார். இலவசம் என்றே நினைத்தார். கட்டணம் கேட்டதும் வெட்கப்பட்டுப் பேசாமல் திரும்பிவிட்டார். விசாரணைக்குத் தனியாகப் போனார். எங்களுக்கு எல்லாம் முடிந்த பிறகுதான் தெரியும். அந்தப் பாராலீகல் ஒரு பொய்யும் சொல்லவில்லை. சொல்தான் பெரியம்மாவை ஏமாற்றியது. அதனால் இந்தச் சொல்லை நான் எந்தக் காரணம் கொண்டும் கையேட்டில் போட மாட்டேன்.

> பாரா என்பது அருகில், துணையாக என்ற பொருள். துணைச் சட்டத்தரணி என்றால் என்ன குறை?

இரண்டு குறை. முதலாவது, சட்டத்தரணி என்ற சொல் எந்த வடிவில் வந்தாலும் சிக்கல். சட்டத்தரணி அல்லாதவர் தம்மைச் சட்டத்தரணி என்று காட்டிக்கொள்வதை ஒன்ராறியோச் சட்டம் தடுக்கிறது. முன்னால் "துணை" போட்டாலும் "இணை" போட்டாலும் வாசிப்பவர் கண்ணில் சட்டத்தரணிதான் நிற்பார்.

இரண்டாவது குறை பெரியது. இந்தத் "துணை" அமெரிக்காவுக்குப் பொருந்தும். அங்கே பாராலீகல் ஒரு சட்டத்தரணியின் மேற்பார்வையில் வேலை செய்பவர். கலிபோர்னியாச் சட்டத்தையே பாருங்கள்: பாராலீகல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நாலு மணி நேரம் தொழில்நெறியும், நாலு மணி நேரம் பொதுச் சட்டமோ தன் சிறப்புத் துறையோ படிக்க வேண்டும். படித்ததற்கான சான்றை யாரிடம் கொடுக்கிறார்? தன்னை மேற்பார்க்கும் சட்டத்தரணியிடம். ஒன்ராறியோவில் அப்படியில்லை. 2007இலிருந்து பாராலீகல்களுக்கு உரிமம் கொடுப்பது, 1797இல் தொடங்கிய அதே சட்டச் சங்கம். சட்டத்தரணிகளை ஆளும் சங்கம்தான் இவர்களையும் ஆள்கிறது. தன் பெயரில் அலுவலகம் வைத்து, தன் பெயரில் கட்சிக்காரரை ஏற்று, சிறு கோரிக்கை நீதிமன்றத்திலும் வாடகைத் தகராறுகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்திலும் போக்குவரத்துக் குற்ற வழக்குகளிலும் தானே எழுந்து வாதாடுகிறார். படிப்புக் கணக்கையும் நேரே சங்கத்துக்கே காட்டுகிறார். இவர் யாருக்குத் துணை?

ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு வேறு தொழில்களுக்குப் பெயராகிவிட்டது. அந்தக் குழப்பத்தைத் தமிழும் சுமக்க வேண்டியதில்லை. அமெரிக்க வகையைச் "சட்டத்துணைவர்" என்று எழுதுவோம், அது சரியான சொல். ஒன்ராறியோ வகைக்கு வேறு சொல் வேண்டும். இந்தியாவில் சட்டப்பணிகள் ஆணைக்குழு பயிற்சி கொடுத்து ஊர்களுக்கு அனுப்பும் தன்னார்வலர்கள் மூன்றாவது வகை. அவர்களுக்குச் "சட்டத் தன்னார்வலர்" என்ற பெயர் ஏற்கனவே புழக்கத்தில் இருக்கிறது, அதைத் தொட வேண்டாம்.

இதில் எங்கள் பழைய வழக்கம் ஒன்று வழிகாட்டுகிறது. யாழ்ப்பாணத்து மூத்தவர்களுக்கு நினைவிருக்கும்: இலங்கையில் முன்பு வழக்கறிஞர்களில் இரண்டு வகை, அப்புக்காத்து (advocate) வேறு, பிறக்கிராசி (proctor) வேறு. 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிர்வாகச் சட்டம் வந்த பிறகுதான் இருவரும் ஒரே சட்டத்தரணி ஆனார்கள். அதுவரை பிறக்கிராசியாரை யாரும் "துணை அப்புக்காத்து" என்று அழைத்ததில்லை. தொழில் வேறு, அதனால் பெயரும் வேறாக இருந்தது.

> சட்டவினைஞர். அழகான சொல், சங்க இலக்கியத்திலும் வினைஞர் உண்டு.

அழகுதான், எனக்கும் பிடித்தது. ஆனால் ஈழத்தவர் காதில் வினைஞர் என்றதும் எழுதுவினைஞர்தான் கேட்கும். அலுவலகத்தில் கோப்பு எழுதும் கிளார்க்குக்கு அரசே வைத்த பெயர் அது. ஒன்ராறியோவில் சட்டத்தரணி அலுவலகங்களில் வேலை செய்யும் லோ கிளார்க் என்ற தனித் தொழில் இருப்பதால் குழப்பம் இன்னும் கூடும். தமிழ்நாட்டில் வக்கீல் குமாஸ்தா என்பார்களே, ஏறக்குறைய அது. அவர்களுக்குச் "சட்ட எழுதுவினைஞர்" என்று வைத்துக்கொள்ளலாம். நல்ல சொல் வீணாகவில்லை.

இனி என் முன்மொழிவு. ஒன்ராறியோச் சட்டம் தொழிலை இரண்டாகப் பிரிக்கிறது: சட்டத்தரணி சட்டத்தைத் தொழிலாக நடத்துகிறார், பாராலீகல் சட்டச் சேவைகளை வழங்குகிறார். இந்தச் "சட்டச் சேவை"க்குத் தமிழ்நாட்டில் அரசே ஒரு சொல் வைத்திருக்கிறது: சட்டப்பணி. "தமிழ்நாடு மாநிலச் சட்டப்பணிகள் ஆணைக்குழு" என்ற பலகையை நீதிமன்ற வளாகங்களில் பார்த்திருப்பீர்கள். அப்படியானால் சட்டப்பணி செய்பவர் யார்?

முதலில் "சட்டப்பணியர்" என்று எழுதினேன். கோவையிலிருந்து ஒரு நண்பர் தனிமடலில் சுட்டிக்காட்டினார்: நீலகிரியிலும் வயநாட்டிலும் வாழும் பழங்குடி மக்களின் பெயர் பணியர். தலைமுறைகளாகக் கொத்தடிமைப்பட்ட மக்கள் அவர்கள். அந்தப் பெயரை ஒரு தொழில் விகுதியாக எடுத்து ஒட்டுவது சரியில்லை. அவர் சொன்னதை முழுமனதோடு ஏற்கிறேன். "பணியாளர்" என்றால் சம்பளத்துக்கு இன்னொருவரிடம் வேலை செய்பவர் ஆகிவிடும். அப்புறம்தான் கவியிலிருந்து கவிஞர், கணியிலிருந்து கணிஞர் வரும்போது பணியிலிருந்து பணிஞர் வரக்கூடாதா என்று தோன்றியது.

சட்டப்பணிஞர்.

சொல்லிப் பாருங்கள். வாயில் தடங்காது. கவிஞர், கலைஞர் என்று பழகிய காதுக்கு, இவர் ஒரு தொழிலில் தேர்ந்தவர் என்பது தானாகவே விளங்கும். சட்டத்தரணி என்றும் தோன்றாது, இலவசம் என்றும் தோன்றாது, எடுபிடி என்றும் தோன்றாது. எனக்கு வேண்டியது இந்த மூன்றும்தான்.

இனி இரண்டாவது சொல்.

> தொடர் சட்டக் கல்வி என்று நேராகச் சொல்லிவிடலாமே?

தொடர் கொலை, தொடர் மழை, தொலைக்காட்சித் தொடர் என்று "தொடர்" இப்போது அடுத்தடுத்து வருவதைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. ஒரு சட்டப்பணிஞர் படிப்பது அப்படியல்ல. காலடியில் தரை நகரும்போது அவரும் நகர்கிறார். சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் கோரக்கூடிய தொகையின் உச்சத்தை மட்டும் பாருங்கள்: 2010இல் 25,000 டாலர், 2020இல் 35,000, 2025 அக்டோபரில் 50,000. வாடகைக்கு விடுபவர் அரசின் நிலையான ஒப்பந்தப் படிவத்தைப் பயன்படுத்தியே ஆகவேண்டும் என்பது 2018 ஏப்ரல் 30இல் வந்தது. 2015இல் உரிமம் வாங்கியவர் அன்று படித்ததோடு இன்று ஒரு வாடகை வழக்குக்குப் போனால் கட்சிக்காரர் தெருவில் நிற்பார்.

இன்னொரு நண்பர், ஒன்ராறியோவில் அதற்குக் கல்வி என்றே பெயரில்லை, தொழில் மேம்பாடு என்றுதான் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தார். உண்மை. அமெரிக்கர் கல்வி என்கிறார்கள், இவர்கள் மேம்பாடு என்கிறார்கள். இரண்டையும் ஒன்றாகப் பிடிக்கும் சொல் தமிழில் முப்பது ஆண்டாக இருக்கிறது: வளர்கல்வி. தமிழ்நாட்டின் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் எழுத்துக் கற்றவர்கள் அதை விட்டுவிடாமல் மேலே படிக்க ஊரூராக வைத்த மையங்களுக்கு வளர்கல்வி மையம் என்றுதான் பெயர். படித்தது தேய்ந்துவிடாமல் வளரவேண்டும் என்ற எண்ணம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

எழுத்தறிவுத் திட்டத்தின் சொல்லை உரிமம் பெற்ற தொழிலாளருக்கு வைத்தால் மதிப்புக் குறையாதா என்று ஒருவர் கேட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அறுபது வயதில் கையெழுத்துப் போடப் படித்த பெண்கள் வளர்த்த சொல் அது. அதைவிட மதிப்புள்ள பிறப்பிடம் ஒரு கல்விச் சொல்லுக்கு வேறென்ன இருக்க முடியும்?

ஆகவே பொதுவில் "சட்ட வளர்கல்வி", நம் கையேட்டுக்குச் "சட்டப்பணிஞர் வளர்கல்வி".

கடைசியாக மணிக்கணக்கு. இங்கே உங்கள் உதவி இன்னும் வேண்டும். ஒன்ராறியோவில் ஆண்டுக்கு 12 மணி நேரம், டிசம்பர் 31க்குள். அதில் குறைந்தது 3 மணி ஒரு வகை (professionalism), மிச்சம் 9 வரை இன்னொரு வகை (substantive). முதல் வகையைத் "தொழில்நெறி" என்று எழுதத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினேன். அதில் நெறி மட்டுமில்லை, அலுவலகத்தை ஒழுங்காக நடத்தும் முறையும் சேரும். "தொழிலொழுங்கு" என்றால் நடத்தையும் நிர்வாகமும் இரண்டும் அடங்கும் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது வகையில் ஒரு பொறி இருக்கிறது. ஆங்கிலச் சொல்லைப் பார்த்துப் "பொருண்மைச் சட்டம்" என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். சட்டத் தமிழில் உரிமைகளையும் கடமைகளையும் சொல்லும் பொருண்மைச் சட்டத்துக்கு எதிர்ச்சொல், வழக்கை நடத்தும் முறையைச் சொல்லும் நடைமுறைச் சட்டம். ஆனால் இந்த 9 மணிக்குள் நடைமுறைச் சட்டமும் வரும், தொழில்சார்ந்த திறன்களும் வரும். பொருண்மை என்று போட்டால், வழக்கு நடைமுறை வகுப்புக்குப் போனவர் தன் மணி கணக்கில் சேராது என்று பயந்துவிடுவார். அதனால் வெறும் "துறைமணி" என்று வைக்கிறேன். மற்றதை "ஒழுங்குமணி" என்று சுருக்கலாமா? பள்ளிக்கூட மணி அடிப்பது போல இருக்கிறதா? சொல்லுங்கள்.

கையேட்டின் முதல் பத்தி இப்போது இப்படி நிற்கிறது. உரக்க வாசித்துவிட்டு எங்கே தடக்குகிறது என்று எழுதுங்கள்:

"உங்கள் வழக்கை எடுக்கும் சட்டப்பணிஞர் ஒன்ராறியோச் சட்டச் சங்கத்தின் உரிமம் பெற்றவர். அவர் சட்டத்தரணி அல்லர். சட்டத்தரணியின் உதவியாளரும் அல்லர். தன் சேவைக்குக் கட்டணம் வாங்குவார். அந்த உரிமத்தைத் தக்கவைக்க ஒவ்வோர் ஆண்டும் 12 மணி நேர வளர்கல்வியை முடிக்க வேண்டும். இந்த ஆண்டு என்ன படித்தீர்கள் என்று அவரிடம் நீங்கள் தயங்காமல் கேட்கலாம்."

வரும் வெள்ளிக்குள் பதில் வந்தால் அச்சுக்குக் கொடுக்குமுன் திருத்த முடியும். கட்டணம் பற்றிய வரியை மட்டும் யார் சொன்னாலும் எடுக்க மாட்டேன்.

அன்புடன்,
ரொறன்ரோவிலிருந்து