ஓலாமாவையும் வி.எஸ். கோடையும் இணைக்க உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். குடியாத்தத்தில் கைத்தறி, பீடித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த ஆறு பிள்ளைகளுக்கு மாலை வேளைகளில் பைத்தான் கற்றுத் தருகிறேன். நிரல் எழுத உதவும் இணையவழிச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கு மாதச் சந்தா கட்டும் வசதி அவர்களுக்கு இல்லாததாலும், மாலையில் இணையம் அடிக்கடி அறுந்துபோவதாலும், நிரல் எழுதும் செயலியான வி.எஸ். கோடில் கன்டினியூ என்னும் நீட்சியை (கூடுதல் வசதி தரும் துணை நிரலை) நிறுவி, ஓலாமா என்னும் மென்பொருள் வழியாக எங்கள் கணினியிலேயே செயற்கை நுண்ணறிவு மாடலை இயக்க முடிவு செய்தேன்.

பிள்ளைகளின் மடிக்கணினிகளில் 8 ஜிபி ரேம்தான் உள்ளது. ஏறத்தாழ 4.7 ஜிபி அளவுள்ள குவென் 2.5 கோடர் 7பி மாடலை அவற்றில் ஏற்றியபோது, ஒரு ஃபார் (for) வரியைத் தட்டிவிட்டுக் காத்திருந்தால், விசிறி இரைந்துகொண்டே இருந்ததே தவிர, சாம்பல் நிறப் பரிந்துரை எழுத்துகள் தோன்ற அரை நிமிடத்திற்கு மேல் ஆனது. அதைவிடச் சிறிய 1.5பி மாடல் விரைவாக இயங்கினாலும், பிழைகளை விளக்கும்போது தடுமாறுகிறது. எனக்கு முக்கியமானது அந்த விளக்கம்தான்; நிரலைப் பிள்ளைகளே எழுத வேண்டும்.

ஆகவே, 16 ஜிபி ரேம் கொண்ட என் உபுண்டு கணினியில் மட்டும் 7பி மாடலை வைத்து, மற்றவற்றை வைஃபை வழியாக இணைக்க முயல்கிறேன். பிற கணினிகளின் இணைப்பையும் ஏற்கும்படி ஓலாமாவின் ஹோஸ்ட் முகவரியை 0.0.0.0 என முனையத்தில் மாற்றியும், ஓலாமா பயன்படுத்தும் 11434 போர்ட் என் கணினியில் மட்டுமே பதிலளிக்கிறது. மடிக்கணினிகளில் இணைப்பு மறுக்கப்படுகிறது. இந்த மாற்றத்தை உபுண்டுவில் பின்னணிச் சேவைகளை இயக்கும் சிஸ்டம்டியின் சேவைக் கோப்பில்தான் எழுத வேண்டுமா? ஃபயர்வாலில் எங்கள் வைஃபைக்கு மட்டும் அந்தப் போர்ட்டைத் திறப்பது எப்படி? செய்து பார்த்தவர்கள் கட்டளைகளுடன் விளக்கினால் பெரிதும் நன்றியுடையவனாவேன்.