‘சந்ததம் பாஹிமாம்’: அயல்நாட்டு மெட்டில் அம்பாளைப் பாடலாமா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். ஒன்பது வயதாகும் என் மகள், பாட்டு வகுப்பில் கற்ற முத்துசுவாமி தீட்சிதரின் ‘சந்ததம் பாஹிமாம்’ என்னும் நோட்டு சாகித்யத்தை (மேனாட்டு மெட்டுக்குச் சமஸ்கிருதச் சொற்கள் அமைத்த பாடல்) எங்கள் வீட்டுக் கொலுவில் பாட ஆசைப்படுகிறாள். அவள் பாடிப் பழகுவதைக் கேட்ட என் மாமனார், அது இங்கிலாந்து மன்னரை வாழ்த்தும் பாட்டின் மெட்டு என்பதைக் கண்டுகொண்டு, அம்பாள் சந்நிதியில் அது வேண்டாம் என்கிறார். அவருடைய வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் அம்பாள்மீது நவாவரண கிருதிகள் என்னும் பாடல் தொகுதியை அருளிய தேவி உபாசகரான தீட்சிதர் அந்த மெட்டை ஏன் எடுத்தாண்டார் என்பதை அவருக்குத் தக்க முறையில் எடுத்துச்சொல்ல விரும்புகிறேன்.

மறுமொழி 1:
உங்கள் மாமனார் மெட்டைச் சரியாகவே இனங்கண்டிருக்கிறார். மணலி முதலியார் குடும்பத்தின் அழைப்பை ஏற்று, தீட்சிதரின் தந்தையார் ராமசுவாமி தீட்சிதர் திருவாரூரிலிருந்து சென்னைக்கு அருகிலுள்ள மணலிக்குக் குடிபெயர்ந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியில் துபாஷாக (மொழிபெயர்ப்பாளர், இடைத்தரகர்) இருந்த அந்தப் புரவலரின் தொடர்பால்தான் ஜார்ஜ் கோட்டையின் பேண்டு இசை தீட்சிதர் சகோதரர்களின் காதில் விழுந்தது. அப்படிக் கேட்ட மெட்டுகளுக்கு, சங்கராபரண ராகத்தில் ஏறத்தாழ நாற்பது சாகித்யங்களைத் தீட்சிதர் அமைத்தார். நீங்கள் சொல்லும் பாடலில் மன்னரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இசையின் வடிவான தேவி சங்கீத சியாமளையிடம் எப்போதும் காத்தருளும்படி வேண்டுகிறார். தீட்சிதர் தம் பாடல்களில் பதிக்கும் கையொப்பச் சொல்லான ‘குருகுஹ’ முத்திரையும் அதில் இருப்பதால், அதை அவர் விளையாட்டாகச் செய்தார் என்று நான் கருதவில்லை.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் தீட்சிதரின் காசிப் பயணத்தையும் உங்கள் மாமனாருக்குச் சொல்லுங்கள். சிதம்பரநாத யோகி என்னும் குருவுடன் சென்று சில ஆண்டுகள் காசியில் தங்கிய தீட்சிதர், அங்கே ஹிந்துஸ்தானி இசையை நிரம்பக் கேட்டார். யமுனா கல்யாணி ராகத்தில் அமைந்த ‘ஜம்புபதே’ கிருதியைப் பாருங்கள்: ராகம் வடக்கின் சாயல் கொண்டது, தெய்வம் திருவானைக்காவில் நீராக நிற்கும் ஜம்புகேஸ்வரர், பாடலின் இரண்டாம் பகுதியான அனுபல்லவியிலோ கங்கையும் காவிரியும் யமுனையும் ஒரே மூச்சில் வருகின்றன. கோட்டையில் கேட்டதை வந்த வடிவிலேயே கமகமின்றி (சுரங்களை அசைக்காமல்) வைத்துக்கொண்டவர், காசியில் கேட்டதை விளம்ப காலத்தில், அதாவது மெதுவான நடையில், ஊறவைத்து நம்முடையதாகவே ஆக்கிவிட்டார். இரண்டாவதே பெரிய சாதனை என்பது என் எண்ணம்.

மறுமொழி 3:
வயலின் கற்பிப்பவள் என்ற முறையில் இதில் சற்று மாறுபடுகிறேன். தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி மணலியில் ஐரோப்பியரிடம் கற்ற வயலினைத்தான் இன்று நாம் தரையில் அமர்ந்து, மார்புக்கும் வலது கணுக்காலுக்கும் இடையில் தாங்கி, தந்திகளை ச-ப-ச-ப என்னும் சுரங்களுக்குச் சுருதி சேர்த்து வாசிக்கிறோம். நோட்டு சாகித்யங்களும் அந்த வழியில் வந்தவையே. காந்தாரம் என்னும் ‘க’ சுரத்தை அசைக்காமல் நேராக நிறுத்தப் பழகும் குழந்தையின் விரலுக்கு அவற்றைப்போல் உதவுபவை வேறில்லை. உங்கள் மகள் தயங்காமல் பாடட்டும்.

கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு மாமனாருக்கு ‘ஜம்புபதே’ போட்டுக் காட்டினேன், கண்மூடிக் கேட்டார். கோட்டை மெட்டில் அவருக்கு இன்னும் முழு ஒப்புதல் இல்லை. ஆனால் இன்று காலை பேத்தியை அழைத்து, ‘குருகுஹ’ வரும் இடத்தை மட்டும் இரண்டு முறை பாடச் சொன்னார்.