வீட்டு அட்ரஸ் சொல்ல இன்னா, ஆன்னா, அட்டா? அவசரம்!

புதுசா_வந்தவன்: வணக்கம். இப்பதான் வந்து இறங்கியிருக்கேன். சோபா கொண்டு வர்றவர் போன்ல வழி கேட்டார். வீடு பேங்க்குக்கு எதிர்ல, அதனால "இன் ஃப்ரண்ட் ஆஃப் தி பேங்க், ஃபர்ஸ்ட் ஃப்ளோர்"னேன். ஆளையே காணோம். திரும்பக் கூப்பிடுவாராம். இன், ஆன், அட் எதுக்கு எது வரும்? சீக்கிரம் ப்ளீஸ்.

ஈஸ்ட்ஹாம்_அக்கா: எந்த நாடுப்பா?

ஸ்காபரோ_அண்ணை: இங்க கனடாவில ஊருக்கு இன், ரோட்டுக்கு ஆன், வீட்டு நம்பருக்கு அட். "இன் ஸ்காபரோ", "ஆன் மார்க்கம் ரோட்". சந்தி எண்டால் "அட் மார்க்கம் அண்ட் எக்ளிங்டன்". நான் வந்த காலம் கூகிள் மேப் எங்க இருந்தது? அட்ரசைத் துண்டில எழுதி பஸ் டிரைவரிட்டக் காட்டித்தான் வேலைக்குப் போனனான். அந்தப் பனிக்குள்ள நிண்டு பார்த்தால் தெரியும்.

ஈஸ்ட்ஹாம்_அக்கா: ரோட்டுக்கு எப்பவும் ஆன் கிடையாது அண்ணா. இங்க லண்டன்ல "இன் தி ஹை ஸ்ட்ரீட்"னும் சொல்வாங்க. ஆஸ்பத்திரியில படுத்திருந்தா "இன் ஹாஸ்பிடல்".

ஜெர்சி_மாப்ள: அமெரிக்காவுல அதுக்கு நடுவுல ஒரு "தி" போடணும். வரிசையில நிக்கிறதை நியூயார்க்காரங்க "ஆன் லைன்"பாங்க, மத்த ஊர்ல "இன் லைன்". அவங்களுக்குள்ளயே ஒத்துவரல, நான் "இன் தி பஸ்"னா மட்டும் ஆபீஸ்ல சிரிக்கிறாங்க.

கோவை_கிறுக்கன்: நமக்கு வீட்டில், பஸ்ஸில், சந்தியில்னு ஒரே "இல்" போதும்ங்க, அதான் தடுமாறுது. உள்ள எழுந்து நடக்க முடியற பஸ், ரயில்னா ஆன். காருன்னா இன்.

ஜெர்சி_மாப்ள: அதைச் சொல்லிக்குடுக்க ஒருத்தனும் இல்ல, சிரிக்க மட்டும் ஆள் இருக்கு.

மிட்லண்ட்ஸ்_மீனா: பாவம், அந்தப் புள்ள சோபாவுக்குக் காத்துக்கிட்டு நிக்குது! தம்பி, இன், ஆன் மாறினாலும் அவங்களுக்குப் புரியும். உங்களைக் கவுத்தது "இன் ஃப்ரண்ட் ஆஃப்". அப்படின்னா பேங்க் வாசல்லயேன்னு எடுத்துக்குவாங்க. ரோட்டுக்கு அந்தப் பக்கம்னா பிரிட்டன்ல "ஆப்போசிட்", கனடா, அமெரிக்காவுல "அக்ராஸ் ஃப்ரம்". அங்க ஃபர்ஸ்ட் ஃப்ளோர்ங்கிறதே பெரும்பாலும் தரைத்தளம்தான். நீங்க எங்க இருக்கீங்க?

புதுசா_வந்தவன்: பிரிட்டன்ல லெஸ்டர், அக்கா.

மிட்லண்ட்ஸ்_மீனா: அப்ப ஃபர்ஸ்ட் ஃப்ளோர் நம்ம ஊர்க் கணக்குதான், அது சரி. வீட்டு நம்பரையும் போஸ்ட்கோடையும் மெசேஜ்ல அனுப்பிடுங்க. போன்ல சொன்னா பி, டி, ஈ எல்லாம் ஒரே மாதிரி கேட்கும், ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பேர் சேர்த்துச் சொல்லுங்க. அதுக்கு இன்னும் வேணாம், ஆன்னும் வேணாம்.

புதுசா_வந்தவன்: வந்துட்டார் அக்கா! மாடிக்குத் தூக்கணும்னா தனிக்காசுங்கிறார். குடுக்கலாமா?