30 படுக்கை வார்டுக்கு ராத்திரியில் எத்தனை நர்ஸ் வேண்டும்?

ஈரோட்டு நர்ஸ்:
ஈரோடு பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். ஆண்கள் மெடிக்கல் வார்டு, 30 படுக்கை, எப்போதும் நிறைந்தே இருக்கும். நைட்டில் நானும் ஒரு நர்சிங் மாணவியும்தான். ரெண்டு மணிக்கு ஒருத்தருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தால், ஆக்சிஜன் வைத்து, டாக்டரை எழுப்பி, நெபுலைசர் போட்டு முடிப்பதற்குள் அந்தப் பக்கம் நாலு பேருக்கு டிரிப்ஸ் தீர்ந்து குழாயில் ரத்தம் ஏறி நிற்கும். கேட்டால், மொத்தம் பத்து ஸ்டாஃப் இருக்கீங்களே, மூணு பேருக்கு ஒருத்தர், கணக்கு சரிதான் என்கிறார்கள். இது சரிங்களா?

பெருந்துறை அக்கா:
சரியில்லை கண்ணு. பட்டியலில் இருப்பது வேறு, ஒரு ஷிஃப்டில் நிற்பது வேறு. பத்துப் பேரில் வார ஆஃப், லீவு, காய்ச்சல் எல்லாம் போக ஒரு நாளைக்கு எட்டுப் பேர் வருவதே பெரிது. காலையில் ரவுண்ட்ஸ், டிஸ்சார்ஜ் என்று நாலு பேர் வேண்டும், மதியம் ரெண்டு, ராத்திரி ரெண்டு, அப்போதே ஒருத்தர் தலையில் 15 நோயாளி. உங்களுக்கு அந்த ரெண்டாவது ஆளையும் காணோம். இந்திய நர்சிங் கவுன்சில் போதனா மருத்துவமனை வார்டுக்கு 3 பேருக்கு ஒருத்தர், மற்றதுக்கு 5 பேருக்கு ஒருத்தர் என்று சொல்கிறது, ஆனால் அதோடு லீவுக்கென்று 30 சதவீதம் கூடுதலாகப் போடணும். மூணுக்கு ஒண்ணு என்று அவர்களே சொன்னால் 10 இல்லை, 13 பேர். மாணவியைக் கணக்கில் சேர்ப்பது பெரிய அநியாயம், அது படிக்க வந்த பிள்ளை.

மெல்போர்ன் கோபிக்காரன்:
இங்கே ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்தில் 2015இல் சட்டமாகவே போட்டுவிட்டார்கள். பெரிய அரசு ஆஸ்பத்திரி வார்டில் பகலில் நாலு நோயாளிக்கு ஒரு நர்ஸ், வார்டைப் பார்க்கும் இன்சார்ஜ் நர்ஸ் அதில் சேராது. கலிபோர்னியாவில் 2004 முதல் இருக்கிறது, நர்ஸ் சாப்பிடப் போனாலும் அந்த நேரத்துக்கு இன்னொருத்தர் பார்க்கணும். பென்சில்வேனியா ஆஸ்பத்திரிகளை வைத்து 2002இல் வந்த ஆய்வு ஒன்று, ஆபரேஷன் ஆனவர்களிடம் பார்த்தது: ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினாலே 30 நாளுக்குள் சாகும் வாய்ப்பு 7 சதவீதம் ஏறுகிறது. மேனேஜ்மென்டிடம் இதைக் காட்டுங்க.

திருப்பூர் பனியன்:
அப்பாவைச் சேர்த்திருந்தபோது பில்லில் தினமும் நர்சிங் சார்ஜ் என்று தனியாகப் போட்டார்கள். ராத்திரி வார்டில் எத்தனை பேர் என்று நாங்களும் சேர்க்கும்போதே கேட்கணுமுங்க. காசு கட்டுகிறவன் கேட்டால்தான் காதில் ஏறும். சிஸ்டர் மேல் கத்தி என்ன ஆகப் போகுது.

ஈரோட்டு நர்ஸ்:
நன்றிங்க அக்கா, 13 கணக்கை எழுதியே கொடுக்கிறேன். இன்னொன்று, டியூட்டி லிஸ்டில் அந்த மாணவி பெயரையும் ஸ்டாஃப் வரிசையில் எழுதுகிறார்கள். அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போடலாமா?

பெருந்துறை அக்கா:
போடாதே. "மாணவி" என்று பக்கத்தில் எழுதச் சொல்லி, அதன் பிறகு போடு. அடுத்த ஷிஃப்டிடம் ஒப்படைக்கும் ஹேண்டோவர் நோட்டில் அன்றைக்கு எத்தனை நோயாளி, எத்தனை ஸ்டாஃப் என்பதையும் மணியோடு எழுதி வை.