மூணு தூக்குவாளி

பாளையங்கோட்டை அக்கா (தொடங்கியவர்)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஒருத்தரைப் பார்த்த மாத்திரத்துல "இவர் இப்படித்தான்"னு முடிவு கட்டி, அப்புறம் ராத்திரி தூக்கம் வராம கிடந்த அனுபவம் யாருக்காவது இருந்தா எழுதுங்க. என்னுது ஆறு வருஷமா நெஞ்சுல கிடக்கு, நானே முதல்ல சொல்லிடுறேன்.

எங்க கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை அசனம். நம்ம பக்கம் இல்லாதவங்களுக்காக ஒரு வார்த்தை: அசனம்னா சபை முழுசும் சேர்ந்து ஆக்கி, சாதி மத வித்தியாசம் பார்க்காம ஊருக்கே போடுற சாப்பாடு. பந்தியில உட்கார்ந்தும் சாப்பிடலாம், பாத்திரத்துல வாங்கிட்டும் போகலாம். அன்னைக்கு நான் பாத்திர வரிசையில, சோத்து அண்டா பக்கம். வெயிலு, வியர்வை, பின்னாடி ஐம்பது அறுபது பேர்.

ஒரு பெரியவர் வந்தாரு. தேய்ச்ச வெள்ளைச் சட்டை. கையில மூணு தூக்குவாளி. எப்பவாவது கடைசி பெஞ்சுல பார்த்த முகம், பேர் தெரியாது. நான் கரண்டியை அண்டா விளிம்புல ஒரு தட்டு தட்டி, "ஐயா, வீட்டுக்கு ஒண்ணுதான். கோயில் சோறுன்னா ஒரு நியாயம் வேண்டாமா?"ன்னேன். அவருக்குக் கேட்டா போதும்னு சொல்லல. வரிசைக்கே கேக்கணும்னுதான் சொன்னேன்.

அவர் எதிர்த்துப் பேசல. "சரிம்மா"ன்னு சொல்லி ரெண்டு வாளியை மூடினாரு. அதுல ஒண்ணுக்கு மூடி சரியா உட்காராது போல, சணல் கயிறு கட்டி வச்சிருந்தாரு. அந்தக் கயிறைத் திரும்பக் கட்டுறதுக்கு விரல் தடுமாறிச்சு. கட்டி முடிக்கிற வரைக்கும் வரிசையே அவரைப் பார்த்துட்டு நின்னுச்சு. இப்ப நினைச்சாலும் எனக்கு அந்தக் கயிறுதான் கண்ணுல வருது.

அடுத்த வாரம் உபதேசியார்கிட்ட விசாரிச்சேன். வேலைக்காக வந்து வாடகைக்கு இருந்தவராம், ஊரைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாராம். மத்த ரெண்டு வாளி யாருக்குன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

பைபிள்ல, சீலோ ஆலயத்துல பிள்ளையில்லாத அன்னாள் உதடு மட்டும் அசைய ஜெபம் பண்ணினப்போ, ஆசாரியர் ஏலி அவளைக் குடிகாரின்னு நினைச்சுட்டாரு. ஆனா அவள் வாய் திறந்து, "அப்படியல்ல, என் ஆண்டவனே"ன்னு சொன்னா. ஏலியும் நின்ன இடத்துலயே "சமாதானத்துடன் போ"ன்னு பேச்சை மாத்திக்கிட்டாரு. ஏலிக்காவது பதில் கிடைச்சுது. எனக்குக் கிடைச்சது ஒரு "சரிம்மா".

தூத்துக்குடி டீச்சர்

அக்கா, படிச்சுட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கீழ வச்சுட்டேன்.

நான் நகை போடாத சபையில வளர்ந்தவ. காதுல கம்மலோட யாராவது ஆராதனைக்கு வந்தா, "இன்னும் உலகத்தை விடலையே"ன்னு மனசுக்குள்ள மார்க் போடுவேன். அப்ப எனக்கு வயசு பதினெட்டுதான், ஆனா மார்க் போடுறதுல பெரிய எக்ஸாமினர். எங்க அம்மா வெறும் கழுத்தோட சாட்சி சொல்லும்போது அவ்வளவு பெருமையா இருக்கும்.

பி.எட். முடிச்ச பிறகுதான் பீரோவுல அந்த அடகுச் சீட்டு கண்ணுல பட்டுச்சு. ஐந்து பவுன் செயின். என் ஃபீஸுக்கு வச்சது, வட்டி ஏறி முழுகிப் போயிருந்துச்சு. கழட்டினது விசுவாசத்துக்காகவா, வட்டிக்கடைக்காகவா? அம்மாகிட்ட கேட்டதுக்கு, "ரெண்டுந்தான்னு வச்சுக்கோ"ன்னு சிரிச்சாங்க. எந்த உண்டியல்ல போட்டாலும் காசு காசுதானேன்னு வேற ஒரு வார்த்தை.

கல்யாணம் ஆகிப் போனது நகை போடுற குடும்பம். அங்க என் கழுத்தைப் பார்த்து "ஐயோ பாவம், ஒண்ணும் போட்டு அனுப்பலையா"ன்னாங்க. ரெண்டு பக்கத்தையும் பார்த்துட்டதால, பவுல் ரோமாபுரி சபைக்கு எழுதின கடிதத்துல 14-ம் அதிகாரம் எனக்கு இப்ப வேற மாதிரி புரியுது. அங்க சண்டை கறியா, மரக்கறியாங்கிறது. புசிக்கிறவன் புசியாதவனை அற்பமா எண்ணக் கூடாது, புசியாதவன் புசிக்கிறவனைக் குற்றவாளியாத் தீர்க்கக் கூடாதுன்னு பவுல் ஆளுக்கொரு வார்த்தை வைக்கிறாரு. சலுகைக்காரனுக்கு இளக்காரம் வரும், கண்டிப்புக்காரனுக்குத் தீர்ப்பு வரும். ஆளைப் பார்த்து நோயைச் சொல்லியிருக்காரு மனுஷன்.

சென்னைத் தம்பி

கோவிச்சுக்காதீங்க, ஒரு சந்தேகம். இந்த மாதிரி சாட்சி எல்லாத்துலயும் கடைசியில அந்த ஆள் நல்லவர்னு தெரிய வரும், நாம அழுவோம். அப்போ நிஜமாவே தப்பு பண்ணினவங்களை என்ன செய்யுறது? அக்கா கதை எனக்குப் பிடிச்சதே அதுல பதில் இல்லாததாலதான். ஒருவேளை அவர் பேராசைக்காரராவே இருந்திருந்தா?

எங்க அண்ணன் விஷயத்துல சபை போட்ட தீர்ப்பு சரிதான். வாலிபர் முகாமுக்கு வசூலான 18,400 ரூபாயை எடுத்துச் செலவு பண்ணிட்டான். இதுல யாரும் அவனைத் தப்பாப் புரிஞ்சுக்கல, சந்தேகத்தின் பலன் எல்லாம் கிடையாது. ஒரே வாரத்துல எங்க வீட்டு வாசல்ல நின்னு பேசுறவங்க கூட வர்றதை நிறுத்திட்டாங்க.

ஒரே ஒரு அங்கிள் வந்தாரு. அண்ணனை டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போனாரு. ஒரு மணி நேரம் கிரிக்கெட் பேசினாராம். எந்திரிக்கும்போது, "எப்படித் தரலாம்னு இருக்க?"ன்னு கேட்டாராம். மாசம் ஐந்நூறு. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி அண்ணன் கையிலயே கொடுத்துட்டாரு, "கணக்கு நீயே எழுது"ன்னு. திருடினவன்கிட்டயே கணக்கு நோட்டு! அப்பாவுக்கே கோபம் வந்துச்சு. முப்பத்தேழு மாசம், கடைசி மாசம் மட்டும் நானூறு. அங்கிள் ஒரு தடவை கூட நோட்டை வாங்கிப் பார்க்கல.

யோவான் 8-ல வர்ற அந்த ஸ்திரீயும் நிரபராதி இல்ல. விபசாரத்துல கையும் களவுமா பிடிபட்டவ. குற்றம் நடந்ததான்னு இயேசு விசாரிக்கவே இல்ல. கல்லெறியணும்னு நின்னவங்களைக் கல்லைக் கீழ போட வச்சாரு, அப்புறம் "இனிப் பாவஞ்செய்யாதே"ன்னாரு. பாவம்ங்கிற வார்த்தையை அவர் முழுங்கலை.

இந்தப் பகுதி சினாய், வத்திக்கான் ஏடுகள் மாதிரியான மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள்ல இல்லைங்கிறது பலருக்குத் தெரியும். அதுக்குப் பழைய சபைப் பிதா அகஸ்டின் ஒரு காரணம் சொல்றாரு: இதைப் படிச்சா மனைவிமாருக்குப் பாவம் செய்யத் துணிச்சல் வந்துடும்னு பயந்து சிலர் வெட்டி எடுத்துட்டாங்களாம். அவர் சொன்னதுதான் நிஜமான காரணமான்னு அறிஞர்கள் ஏத்துக்கிறதில்ல, அது வேற விஷயம். ஆனா அவ்வளவு இரக்கம் ஆபத்துன்னு ஆளுங்க பயப்படுவாங்கன்னு அவருக்குத் தோணியிருக்கு பாருங்க. எங்கப்பா நோட்டைப் பார்த்துப் பயந்த மாதிரி.

மார்த்தாண்டத்துல இருந்து, மரவேலை

நான் பெருசா எழுதுற ஆள் இல்ல. முப்பது வருஷமா மரப் பட்டறை. உன் கண்ணுல உத்திரத்தை வச்சுக்கிட்டு அடுத்தவன் கண்ணுல துரும்பைப் பார்க்கிறதென்னன்னு இயேசு சொன்னாரே, அந்தப் பிரசங்கம் கேக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். எங்க பக்கம் ஓட்டு வீட்டுக்கு உத்திரம் ஏத்தணும்னா நாலு ஆள் வேணும். அது கண்ணுல எப்படிப் போகும்? தச்சுப்பட்டறையில வளர்ந்தவர் சொன்ன தமாஷு அது, பட்டறைக்காரனுக்குத்தான் முழுசாப் புரியும்.

ஆனா துரும்பு தமாஷு இல்ல. பட்டறையில வாரத்துக்கு ஒருத்தன் கண்ணுல தூள் விழும். எப்படி எடுப்போம் தெரியுமா? அவனை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்து, தலையைச் சாய்ச்சு, கீழ் இமையைப் பெருவிரலால இழுத்து, வேட்டி நுனியைத் திரிச்சு நனைச்சு, மூச்சு அவன் மூஞ்சியில படுற அளவுக்குக் கிட்ட போவணும். கை நடுங்கினா கண்ணு போச்சு. வாசல்ல நின்னு "ஏலே, உன் கண்ணுல தூளு"ன்னு கத்தினா எடுக்க முடியாது. உறுத்துறவனுக்கு அது முன்னாடியே தெரியும்.

வசனத்துல துரும்பை விட்டுடுன்னு இல்லியே. முதல்ல உன் உத்திரம், அப்புறம் அவன் துரும்பை எடுத்துப்போட வகைபார்ப்பாய்னுதான் இருக்கு. தம்பியோட அங்கிள் செய்தது அதாக்கும். நம்மள்ல பாதிப்பேர் வாசல்ல நிக்கிறவங்க, நானும்தான்.

பேர் வேண்டாம்

எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். உங்க எல்லாரோட அனுபவத்துலயும் நீங்க தீர்ப்பு சொன்னவங்க. நான் "நியாயந்தீர்க்காதே"ங்கிற வசனத்தை வச்சு வாய் அடைக்கப்பட்டவ.

என் வீட்டுக்காரர் கோயில்ல கீர்த்தனை நல்லாப் பாடுவார். வீட்டுல கை நீட்டுவார். இடது மணிக்கட்டு முறிஞ்சு கட்டுப் போட்டுட்டு வந்தப்போ, சபையில ஒரு பெரியம்மாகிட்ட முதல் தடவையா உண்மையைச் சொன்னேன். அவங்க என் தலையில கை வச்சு, "நியாயந்தீர்க்காதே மகளே, பழிவாங்குதல் கர்த்தருடையது, அவர் பார்த்துக்குவாரு"ன்னு ஜெபம் பண்ணி அனுப்பினாங்க. நல்லெண்ணம்தான். நாலு வருஷம் அந்த நல்லெண்ணத்துல ஓடிச்சு.

அப்புறம் ஒரு நாள் நானா உட்கார்ந்து படிச்சேன். "பழிவாங்குதல் எனக்குரியது" ரோமர் 12 முடிவுல வருது. பக்கத்தைத் திருப்பினா 13-ல ஆளுறவங்க பட்டயத்தை, அதாவது வாளை, விருதாவாய்ப் பிடிச்சிருக்கலன்னு இருக்கு. அதிகாரப் பிரிவெல்லாம் பின்னாடி வந்தது, பவுல் மூச்சு விடாம எழுதிட்டுப் போயிருக்காரு. மத்தேயு 7-லயும் அப்படித்தான்: தீர்க்காதிருங்கள்னு தொடங்கினவர், அதே அதிகாரத்துல ஆட்டுத்தோல் போர்த்த ஓநாய்க்கு எச்சரிக்கையா இருங்கன்னும் சொல்றாரு. ஓநாய்ன்னு கண்டுபிடிக்காம எப்படி எச்சரிக்கையா இருக்கிறது?

மகளிர் காவல் நிலையத்துக்குப் போனேன். 2005-ல வந்த குடும்ப வன்முறைச் சட்டத்துல பாதுகாப்பு உத்தரவு கிடைச்சது. சபையில பாதிப்பேர் என்னோட பேசுறதில்ல. அந்தப் பெரியம்மா மட்டும் ஒரு நாள் வந்து, ஒண்ணும் சொல்லாம மீன் குழம்பு வச்சுட்டுப் போனாங்க.

அவர் மோட்சத்துக்குப் போவாரா நரகத்துக்குப் போவாரான்னு நான் நினைக்கிறதில்ல. அது கர்த்தர் கையில இருக்கிற கேஸ். முதல்ல அதையும் நானே வாதாடிட்டு இருந்தேன், ராத்திரி ராத்திரி. அதை விட்டுட்டேன். மணிக்கட்டு என் கேஸ். அதை விடல.

மார்த்தாண்டத்துல இருந்து, மரவேலை

மக்களே, நல்லா செய்த.

பாளையங்கோட்டை அக்கா

தங்கச்சி, அந்தப் பெரியம்மா இடத்துல நானும் இருந்திருக்கேன். இதே வசனத்தைச் சொல்லி ஒரு பொண்ணை வீட்டுக்கு அனுப்பியிருக்கேன். அது யாருன்னு எனக்குத் தெரியும், பக்கத்துத் தெருதான். நாளைக்குப் போறேன். என்ன பேசுறதுன்னு தெரியல.

தம்பி கேட்டதுக்கும் பதில் சொல்லணும். ஆறு வருஷமா அந்தப் பெரியவருக்கு நானே காரணம் தேடிக் கொடுத்துட்டு இருந்திருக்கேன். படுத்த படுக்கையா பொண்டாட்டி இருந்திருக்கும், பக்கத்து வீட்டுல பசியோட பிள்ளைங்க இருந்திருக்கும்னு. அவரை நல்லவரா ஆக்கினாத்தான் மன்னிப்புக் கேக்க எனக்கு மனசு வருது போல. மூணும் அவர் ஒருத்தருக்கேன்னு இருந்தாலும் அந்தக் கயிறைக் கட்டும்போது விரல் அப்படித்தான் தடுமாறியிருக்கும்.

இந்த வருஷ அசனத்துலயும் எனக்குப் பாத்திர வரிசையே கிடைச்சுது. ஒரு அம்மா பெரிய பெரிய டிபன் செட்டா நாலு கொண்டு வந்தாங்க. வாய் வரைக்கும் வந்துச்சு. குனிஞ்சு அள்ளிப் போட்டேன், நாலுலயும். அவங்களைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் வீட்டுக்குப் போய் ரெண்டாவது பாத்திரம் எடுத்துட்டு வந்தாங்க. ஒன்றரை மணிக்கெல்லாம் கறிக்குழம்பு தீர்ந்துபோச்சு. கடைசியா நின்ன இருபது பேருக்கு வெறும் ரசம்தான். என்னைத் திட்டினாங்க, நல்லாவே திட்டினாங்க. அதுல முதல் ஆள் எங்க வீட்டுக்காரர்.