அவசரம்: மெத்தைக்கு அடியில வச்ச பிரஷர் சென்சார் எப்பவும் 4095 காட்டுது

கப்பலூர்_பய:
அப்பத்தா ராத்திரி தனியா எந்திரிச்சு நடக்குது, ஒருக்கா விழுந்தும் போச்சு. அதான் கருப்பு ஷீட் வாங்கி நானே சென்சார் செஞ்சு மெத்தைக்கு அடியில வச்சேன். எந்திரிச்சா என் போனுக்கு மெசேஜ் வரணும். ஆனா படுத்தாலும் 4095, எந்திரிச்சாலும் 4095. யாராச்சும் சொல்லுங்கண்ணே, அவசரம்.

சிம்மக்கல்_சால்டர்:
என்ன போர்டு, எந்த பின், ரெசிஸ்டர் எவ்வளவு? 4095ங்கிற உச்ச எண் வர்றதால ஈஎஸ்பி32ன்னு, அதான் வைஃபை உள்ள சின்ன போர்டுன்னு வச்சுக்கிறேன். வோல்ட்டை எண்ணா மாத்துற ஏடிசி அதுல ரெண்டு இருக்கு, வைஃபை ஓடையில ஏடிசி2 பின் வேலை செய்யாது. எனக்கென்னமோ அதான்னு தோணுது.

பழைய_ரேடியோ:
"கருப்பு ஷீட்". குப்பைப் பையும் கருப்புதான் தம்பி. டாக்டர்கிட்ட போய் "வலிக்குது"ன்னு மட்டும் சொல்லிட்டு உக்காந்திருப்பீங்களா? என்ன ஷீட், எலக்ட்ரோடுக்கு எதை வச்சீங்க, என்ன அளவு? மீட்டர்ல ஓம் பாத்தீங்களா?

கப்பலூர்_பய:
வெலோஸ்டாட். ஈஎஸ்பி32, பின் 34. ரெண்டு பக்கமும் சமையல் அலுமினிய ஃபாயில், ஷீட் முழுக்க. 10கே (பத்தாயிரம் ஓம்) ரெசிஸ்டர், வீடியோல அப்படித்தான் போட்டிருந்தாய்ங்க.

சிம்மக்கல்_சால்டர்:
34 ஏடிசி1 தான், அது பிரச்சினை இல்ல. அப்ப ஓரம். ரெண்டு ஃபாயிலும் ஓரத்துல ஒண்ணையொண்ணு தொட்டா நேரா ஷார்ட். ஃபாயிலை ஷீட்டை விட அரை இஞ்ச் உள்ள தள்ளி வெட்டுங்க. ஒயரை ஷீட் மேல வச்சு சால்டர் பண்ணிராதீங்க, அது பாலித்தீன், உருகிரும்.

மேலூர்_வெள்ளாமை:
காசு குடுத்து எதுக்கு வெலோஸ்டாட்? கத்தரிக்கு மண்ணை மூடப் போடுற மல்ச்சிங் ஷீட்டும் கார்பன் கலந்த பாலித்தீன் தானே. எங்க தோட்டத்துல சுருள் சுருளா கிடக்கு, வந்து அள்ளிட்டுப் போங்க.

பழைய_ரேடியோ:
மல்ச்சிங் ஷீட்ல கார்பன் ரெண்டு, மூணு சதவீதம் இருந்தா அதிகம். வெயில்ல ஷீட் பொடிஞ்சு போகாம இருக்கத்தான் அது. கரண்ட் பாயணும்னா கார்பன் துகள் ஒண்ணையொண்ணு தொட்டு உள்ளுக்குள்ளயே பாதை போடணும், அதுக்கு இதைப்போல பல மடங்கு வேணும். வெலோஸ்டாட்ல அந்தப் பாதை இருக்கு. அழுத்தினா துகள் இன்னும் நெருங்கும், ஓம் குறையும். கருப்பா இருக்குறதெல்லாம் கடத்தாது.

மேலூர்_வெள்ளாமை:
கம்பெனிக்காரன் எழுதுனதை அப்படியே ஒப்பிக்கிறீங்க. நீங்க மீட்டர் வச்சுப் பாத்தீங்களா?

பழைய_ரேடியோ:
மீட்டர் பிடிச்சுத்தான் எனக்குத் தலை நரைச்சுச்சு. தம்பி, நீங்க போர்டுலருந்து கழட்டி ஓம் மட்டும் சொல்லுங்க. மெத்தை மட்டும் இருக்கையில எவ்வளவு, ஆள் படுத்தா எவ்வளவு?

கப்பலூர்_பய:
ஓரம் வெட்டிட்டேன், அப்பவும் 4095. மெத்தை மட்டும் 400 ஓம். அப்பத்தா படுத்தா 60.

பழைய_ரேடியோ:
அவ்வளவுதான். வீடியோக்காரன் விரல் அகல சென்சாருக்கு 10கே போட்டிருப்பான். நீங்க படுக்கை அகலத்துக்குப் போட்டிருக்கீங்க. பரப்பு கூடக்கூட ஓம் குறையும். போதாததுக்கு மேல இலவம்பஞ்சு மெத்தையா இருந்தா அந்தக் கனமும் ஏற்கெனவே அழுத்திக்கிட்டிருக்கும். சென்சாரும் ரெசிஸ்டரும் வோல்ட்டைப் பங்கு போட்டுக்கும், 400க்கு 10கே வச்சா 3.3 வோல்ட்டுல 3.17 பின்னுக்கே வந்துரும். அந்த உச்சியில ஈஎஸ்பி32 4095னு முட்டிக்கிட்டு நின்னுரும். 400ஐயும் 60ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்க, 155. கடையில 150 ஓம் கேளுங்க. இதெல்லாம் பத்தாவது பாடம்.

சிம்மக்கல்_சால்டர்:
ஏதோ வீட்டுப் பெரியவங்களுக்காகச் செய்யுறான், பாடம் எடுக்காம சொல்லலாம்லண்ணே. தம்பி, 150 போட்டா ஆள் படுத்திருக்கிற வரைக்கும் 15, 16 மில்லிஆம்ப் ஓடும், பவர் பேங்க்ல ஓட்டாதீங்க, அடாப்டர் போடுங்க. என்னைக் கேட்டா கட்டில் கால் நாலுக்கும் எடை பாக்குற 50 கிலோ லோட்செல், அதைப் படிக்க ஒரு எச்எக்ஸ்711 சிப். அதுல எடையே வரும்.

மேலூர்_வெள்ளாமை:
நாலு லோட்செல்லுக்கு ஒரு ரோல் மல்ச்சிங் ஷீட்டே வாங்கிரலாம்.

கப்பலூர்_பய:
150 போட்டாச்சு. படுத்தா 2900 பக்கம், எந்திரிச்சா 1100. மெசேஜ் வருது. நன்றிண்ணே.

பழைய_ரேடியோ:
2000க்குக் கீழ போனா மெசேஜ்னு எழுதியிருப்பீங்க. அப்படி விட்டுறாதீங்க. ராத்திரி முழுக்க அழுந்திக் கிடந்தா ஷீட் மெல்ல மெல்ல எறங்கி ஓம் குறைஞ்சுக்கிட்டே வரும். எந்திரிச்ச உடனே பழைய இடத்துக்கும் வராது. ரீடிங் சட்டுனு எவ்வளவு விழுதுன்னு பாருங்க, அதுக்கு மெசேஜ் அனுப்புங்க. அப்பத்தா புரண்டு படுத்தா என்ன வருதுன்னும் போடுங்க.

சிம்மக்கல்_சால்டர்:
தம்பி?

மேலூர்_வெள்ளாமை:
அவன் இனி வரமாட்டான், வேலை முடிஞ்சிருச்சு. நான் மல்ச்சிங் ஷீட்ல மீட்டர் வச்சேன். ஓஎல்னு தான் காட்டுது, அதாவது மீட்டர் அளவுக்கு மேல ஓம். ஆனா அது போன வெள்ளாமைக்குப் போட்ட ஷீட், மண்ணும் மருந்துமா இருக்கு. புது ரோல் பிரிக்கையில பாத்துட்டுச் சொல்றேன்.