60 பிள்ளைங்களோட இயற்கைப் பண்ணைக்கு ஒரு நாள்: எதைச் செய்ய வைக்கலாம், எதை விட்டுடலாம்?

வியாசை டீச்சர்

வியாசர்பாடி, ஆறாம் வகுப்பு. 60 பிள்ளைங்க, கூட வர்றது 5 டீச்சர். சோழவரம் தாண்டி ஒரு இயற்கைப் பண்ணையில ஒரு நாள் பேசி வெச்சிருக்கோம். அவங்க அனுப்பின லிஸ்ட்ல 11 அயிட்டம் இருக்கு. பால் கறக்கறது, மண்புழு உரம், பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம்னு சாணி, கோமியத்துல செய்யற கரைசல் உரம், நாத்து நடவு, மண்ணுக்குள்ள விதை வெச்சு உருட்டற விதைப்பந்து, மாட்டு வண்டின்னு போய்க்கிட்டே இருக்கு. நேரமோ காலை 10லேர்ந்து 3 வரைக்கும்தான். எதை வெச்சுக்கறது, எதை வெட்டறது? எந்த மாசம் போனா கழனியில வேலை நடக்கும்? சாணி, சேறு, பாம்புன்னு பெத்தவங்க கேக்கறாங்க, அதுக்கும் பதில் வேணும்.

காரனோடை கழனி

டீச்சர், 11 அயிட்டம்னா பிள்ளைங்க வரிசையில நின்னு எட்டித்தான் பார்ப்பாங்க. சாப்பாடு, கை கால் கழுவறது, இடம் மாறறது போக மிஞ்சறது மூணு மணி நேரம். 12 பேரா அஞ்சு குழு, குழுவுக்கு ஒரு டீச்சர், ஒரு வேலைக்கு 35 நிமிஷம். அதுக்கு மேல ஒண்ணு சேர்த்தாலும் எல்லாம் அரைகுறையாயிடும். நடவு, ஜீவாமிர்தம், மண்புழு தொட்டி, மாட்டுக் கொட்டகை, விதை நெல் தேர்வு, இந்த அஞ்சே போதும்.

வெட்ட வேண்டியது: பால் கறக்கறது. காலையில கறந்து முடிச்ச மாட்டுக்கிட்ட 11 மணிக்கு என்ன இருக்கும்? புதுக் கை மேல பட்டா இருக்கறதையும் அடக்கிக்கும். பஞ்சகவ்யம் ஒரு நாள் வேலையே இல்ல. 7 கிலோ சாணியும் 1 கிலோ நெய்யும் பிசைஞ்சு 3 நாள், அப்புறம் கோமியம் 10 லிட்டர், தண்ணி 10 லிட்டர் ஊத்தி 15 நாள், அதுக்கப்புறம்தான் பால், தயிர், இளநீர், வெல்லம், பூவன் பழம். எல்லாம் முடிய ஒரு மாசம் ஆகும். பிள்ளைங்க பார்க்கப் போறது ஒரு டிரம்மை மட்டும்தான். விதைப்பந்தை நிழல்ல ரெண்டு நாள் காய வைக்காம பையில போட்டா பஸ்லயே பொடியாயிடும்.

ஜீவாமிர்தம் பிள்ளைங்களுக்கு நல்லா வரும். ஏக்கருக்கு 200 லிட்டர்னு சொல்ற அளவை 20ஆல வகுத்தா ஒரு வாளிக் கணக்கு வந்துடும்: தண்ணி 10 லிட்டர், அன்னைக்குப் போட்ட சாணி அரை கிலோ, கோமியம் அரை லிட்டர், வெல்லம் 100 கிராம், பயறு மாவு 100 கிராம், வரப்பு மண் ஒரு பிடி. வெல்லத்தைத் தனியா கரைச்சுட்டு ஊத்தணும், இல்லன்னா அடியில கட்டியா உக்காந்துக்கும். மாவைக் கொஞ்சம் கொஞ்சமா தூவிக் கலக்கணும். இது பக்குவமாக 48 மணி நேரம் ஆகும். அதனால ரெண்டு நாள் முன்னாடியே பண்ணையில ஒரு வாளி போட்டு வைக்கச் சொல்லுங்க. பிள்ளைங்க கலக்கறதை நிழல்ல சாக்கு மூடி வெச்சுட்டு, பழைய வாளியைத் தண்ணி சேர்த்துச் செடிக்கு ஊத்தட்டும். ரெண்டையும் மோந்து பார்த்தாலே புளிச்ச வித்தியாசம் தெரியும். வீட்டுக்குன்னு பாட்டில்ல அடைச்சு மட்டும் கொடுத்துடாதீங்க. வாயு சேர்ந்து மூடி தெறிக்கும்.

நடவுக்கு ஒரு சென்ட் போதும். 25 சென்டிமீட்டர் இடைவெளின்னா சதுர மீட்டருக்கு 16 குத்து (நாத்து வைக்கற இடம்), சென்ட்டுக்கு சுமார் 640. 60 பேருக்கு ஆளுக்குப் பத்து வந்துடும். ஒற்றை நாத்து முறையில சொல்ற 14 நாள் நாத்து சின்னப் பிள்ளைங்க கையில புல் மாதிரி கசங்கும். 20லேர்ந்து 25 நாள் நாத்து கேளுங்க, குத்துக்கு ரெண்டு. கயித்துல 25 சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டு ரெண்டு பக்கமும் பிடிச்சுக்கிட்டா வரிசை கோணாது. முந்தின நாளே பரம்படிச்சு (பலகையால சேத்தைச் சமமாக்கி) மண்ணைப் படிய விட்டிருக்கணும். அன்னைக்கே அடிச்ச சேத்துல முழங்கால் வரைக்கும் புதைஞ்சு பாதிப் பிள்ளைங்க அழும். தண்ணி ரெண்டு விரல்கடைக்கு மேல நிக்கக் கூடாது.

தப்பு நடக்கறது ஆழத்துலதான். நாத்தை நேரா குத்தி அழுத்துவாங்க. அப்போ வேர் மேல் பாத்து மடங்கிக்கும், தூர் கட்டறதும் (பக்கத்துல புதுத் தண்டு விடறது) குறையும். வேர்ப்பக்கம் மூணு விரலால பிடிச்சு, 3 சென்டிமீட்டர் ஆழத்துல பக்கவாட்டா வழுக்கி விடணும். அப்புறம் தன் கால் தடத்துலயே நடுவாங்க, அது மிதந்துடும். அதனாலதான் பின்னாடி நகர்ந்துக்கிட்டே நடறது.

மாசம்னா பொங்கல் முடிஞ்சு ஜனவரி கடைசி. நம்ம மாவட்டத்துல அப்போ ஒரு பக்கம் சம்பா அறுவடை, இன்னொரு பக்கம் அடுத்த பட்டமான நவரை நெல் நடவு. அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் மழை, அந்தப் பக்கமே போக வேணாம்.

பெத்தவங்களுக்கு: காலில காயம் இருக்கற பிள்ளையைச் சேத்துல இறக்காதீங்க, பேண்டேஜ் போட்டாலும்தான். எலிக் காய்ச்சல் வர்ற வழி அது. சாப்பாட்டுக்கு முன்னாடி சோப்பு போட்டு நகம் வரைக்கும் தேய்க்கணும். 60 பேருக்கு நாலு குழாயாவது வேணும், ஒரே குழாய்னா சாப்பாடு ஆறிடும். வரப்புப் புல்லை முந்தின நாளே வெட்டச் சொல்லுங்க, வைக்கோல் போர்ல ஏறி விளையாட விடாதீங்க. கிணத்துக்குக் கைப்பிடிச் சுவர், மோட்டார் ரூமுக்குப் பூட்டு இருக்கான்னு நேர்ல போய்ப் பாருங்க. பொன்னேரி அரசு ஆஸ்பத்திரியில பாம்புக்கடி மருந்து இருப்புல இருக்கான்னும் முன்கூட்டியே கேட்டு வெச்சுக்கோங்க. பூச்சி விரட்டற இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசலைப் பிள்ளைங்க கையால அரைக்க விடாதீங்க. அந்தக் கையோட கண்ணைத் தொட்டா அன்னைக்கு நாள் காலி.

விதை நெல்

மேலே சொன்னதில் நடவை வேண்டுமானால் விட்டுவிடலாம், விதை நெல் தேர்வை விடாதீர்கள் என்பேன். நடவு உடம்புக்கு வேலை. இதுவோ ஏழாயிரம் கேள்வி கேட்க வைக்கும்.

10 லிட்டர் தண்ணீரில் புது முட்டையைப் போட்டால் மூழ்கும். கல் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்குங்கள். முட்டை மேலே வந்து, ஒரு நாலணா காசு அகலத்துக்கு ஓடு வெளியே தெரிந்தால் பதம். சுமார் ஒன்றரைக் கிலோ உப்பு பிடிக்கும். இப்போது முட்டையை எடுத்துவிட்டு நெல்லைக் கொட்டினால் பதரும், பாதி மட்டுமே முற்றிய அரைமணியும் மிதக்கும். மூழ்கியது மட்டும் விதைக்கு.

இரண்டு இடத்தில் கோட்டை விடுவார்கள். பழைய முட்டை உப்பே இல்லாமல் மிதந்துவிடும், ஆகவே வெறும் தண்ணீரில் முதலில் போட்டுப் பாருங்கள். அடுத்தது, நெல்லை நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசாவிட்டால் ஒட்டிய உப்பு முளைப்பைக் கெடுக்கும். நம் பக்கத்துப் போர் தண்ணீர் பல இடங்களில் கரிக்கும். பள்ளியில் செய்தால் அலசுவதற்கு மெட்ரோ தண்ணீர்.

ஜி.என்.டி. ரோடு

மூலக்கடையை 7.30க்குள்ள தாண்டிடுங்க. அதுக்கப்புறம் மாதவரம் ரவுண்டானாவுலயும் செங்குன்றத்துலயும் மாட்டிக்குவீங்க. மணலி வழியா போனா தூரம் கம்மியேன்னு டிரைவர் சொல்வாரு, கன்டெய்னர் லாரி பின்னாடி நிக்கறதுக்கு அது சரி. பண்ணை 10 மணிக்குத்தான்னா 9 மணிக்கு மாத்தித் தரச் சொல்லுங்க, வெயில் ஏறதுக்குள்ள நடவு முடியும். நேரம் மிஞ்சினா திரும்பும்போது செங்குன்றத்துல அரிசி ஆலைக் களம் ஒண்ணைக் காட்டலாம். நெல் அவிக்கற பக்கம் வேணாம்.

வியாசை டீச்சர்

நன்றி. 11லேர்ந்து 5ஆ குறைச்சாச்சு, பண்ணைக்காரர் 9 மணிக்கு ஒத்துக்கிட்டார். இன்னும் ரெண்டு கேள்வி. அது நெசமாவே இயற்கைப் பண்ணைதானான்னு எப்படிப் பார்க்கறது? மறுநாள் கிளாஸ்ல என்ன செய்யலாம்?

காரனோடை கழனி

சான்றிதழ் கேளுங்க. தமிழ்நாட்டுல பொதுவா ரெண்டு வழி: கோயம்புத்தூரை தலைமையிடமா வெச்ச அரசு அங்ககச் சான்றிதழ் துறை, இல்லன்னா உழவர் குழுவா சேர்ந்து வாங்கற பி.ஜி.எஸ். அதுல ‘பி.ஜி.எஸ். கிரீன்’னு இருந்தா இன்னும் மாறிக்கிட்டிருக்காங்கன்னு அர்த்தம். அது தப்பில்ல, பிள்ளைங்களுக்கு அதை அப்படியே சொல்லிடலாம். எதை என்னைக்குத் தெளிச்சோம்னு எழுதற நோட்டு ஒண்ணு இருக்கணும். காகிதம் இல்லாட்டியும் அந்த நோட்டு ஒழுங்கா இருந்தா எனக்குப் போதும்.

விதை நெல்

வகுப்புக்கு மண் பாட்டில். பண்ணை மண்ணையும் பள்ளி மைதானத்து மண்ணையும் தனித்தனிப் பையில் கொண்டுவாருங்கள். பண்ணையிலேயே பாட்டிலில் கலக்கினால் பஸ் குலுக்கலில் படிந்ததெல்லாம் மறுபடி கலங்கிவிடும். கல், வேர் நீக்கி, கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், கழுத்துவரை தண்ணீர், ஒரு சிட்டிகை சலவைத் தூள். ஐந்து நிமிடம் குலுக்கி வைத்துவிட்டு யாரும் தொடக்கூடாது. ஒரு நிமிடத்தில் மணல் உட்காரும், அங்கே பேனாவால் கோடு. இரண்டு மணி நேரத்தில் வண்டல், இன்னொரு கோடு. களிமண் மறுநாள்தான் இறங்கும். சலவைத் தூளை விட்டால் களிமண் கட்டியாகவே இருந்து மணலோடு சேர்ந்து இறங்கி, கணக்கு பொய்யாகும். அலசிய விதை நெல்லையும் 24 மணி நேரம் ஊற வைத்து ஈரச் சாக்கில் கட்டிவிடுங்கள், அடுத்த நாளே முளை எட்டிப் பார்க்கும். ஈரத் துணியில் 100 நெல்லை எண்ணி வைத்தால், எத்தனை முளைத்ததோ அதுவே முளைப்பு சதவீதம்.